போய் வந்தவர் சொல்லும் வழி

பல்லடம் பக்கம் பணி நிறைவு பெறும் ஆசிரியர்கள் பலருக்கு ஓய்வூதியத்தோடு கூடவே பயண ஆசையும் வந்துவிடுகிறது. முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் கோடை விடுமுறையை விடைத்தாள் திருத்துவதற்கும் தேர்தல் பணிக்கும் கணக்கெடுப்புக்கும் கொடுத்தவர்கள். பள்ளியில் சால்வையும் மாலையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய சில மாதங்களில் ஊர் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். தனியாகப் போவதில்லை. பன்னிரண்டு பேரோ பதினைந்து பேரோ சேர்ந்து ஒரு வேன் பேசி, சமையலுக்கு ஓர் ஆளையும் அழைத்துக்கொண்டு, அரிசி மூட்டையிலிருந்து ஊறுகாய் ஜாடி வரை ஏற்றிக்கொண்டு பத்து நாள், பதினைந்து நாள் சுற்றி வருகிறார்கள். மந்திராலயம், ஹம்பி, பண்டரிபுரம், காசி, கயா என்று பட்டியல் ஆண்டுதோறும் நீள்கிறது.

இவற்றுக்குப் பின்னால் பெரிய ஏற்பாட்டாளர் யாரும் கிடையாது. போன ஆண்டு போய் வந்தவர் சொல்வார். இந்த ஆண்டு போகிறவர் குறித்துக்கொள்வார். எந்த மடத்தில் கீழ்த்தளத்தில் அறை கிடைக்கும், எந்தக் கோயிலில் வயதானவர்களுக்குத் தனி வரிசை உண்டு, எந்த ஊரில் இரவு எட்டு மணிக்கு மேல் மருந்துக்கடை திறந்திருக்காது என்பதெல்லாம் மாலை நடை முடிந்து திடலில் உட்காரும்போது கைமாறுகிற செய்திகள்.

நான் அரசுப் பள்ளியில் தமிழ் கற்பிப்பவள். இந்தப் பேச்சைச் சில ஆண்டுகளாக ஓரமாக உட்கார்ந்து கேட்டுவருகிறேன். போய் வந்தவர் சொல் எதனால் பயன்படுகிறது, எந்த இடத்தில் அதே சொல் ஆளைக் கவிழ்த்துவிடுகிறது என்ற கேள்வி எனக்கு அங்கேதான் எழுந்தது. நம் மாணவர்கள் நாள் முழுக்க யார் யாரோ சொல்லும் அறிவுரைகளுக்கு நடுவில் வளர்கிறார்கள். அதனால் இக்கேள்வி திடலோடு நின்றுவிடக் கூடியது இல்லை.

சக்கரத்தின் மேல் ஒரு வீடு

படுக்கையும் அடுப்பும் கழிவறையும் உள்ளேயே அமைந்த வண்டியை நாம் 'கேரவன்' என்கிறோம். நம்மூரில் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியைப் பார்த்துப் பழகிய சொல் அது. மேலை நாடுகளில் அது ஓய்வு பெற்றவர்களின் வண்டி. அங்கே இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவரே பணி ஓய்வு பெற்றவர்தான். பிரிட்டனின் கடற்படை மருத்துவராக இருந்து விலகிய கார்டன் ஸ்டேபிள்ஸ், 1885-இல் 'வாண்டரர்' என்று பெயரிட்டுக் குதிரைகள் இழுக்கும் வீட்டுவண்டி ஒன்றைச் செய்வித்து, இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் வடபகுதி வரை பயணம் போனார். அவருடைய பணியாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னால் போய் வழி எப்படி இருக்கிறது என்று பார்ப்பாராம். இறக்கம் செங்குத்தா, எதிரே வண்டி வருகிறதா என்று முன்னே போனவர் சொல்ல, பின்னே வருபவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் தலை நரைத்த இந்தப் பயணிகளை 'நரைத்த நாடோடிகள்' என்றே அழைக்கிறார்கள். அந்தக் கண்டத்தைச் சுற்றி வரும் முதலாம் எண் நெடுஞ்சாலை ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். தெற்கில் குளிர் தொடங்கினால் இவர்கள் வடக்கே நகர்வார்கள். இரவு வண்டியை நிறுத்தும் இடத்தில் நாற்காலியை விரித்துப் போட்டு, எதிர்த்திசையிலிருந்து வந்தவரிடம் தண்ணீர் எங்கே கிடைக்கும், அடுத்த எரிபொருள் நிலையம் எத்தனை தொலைவில் என்று கேட்பார்கள். வறண்ட நிலப்பகுதியில் அந்தக் கேள்வி வெறும் பொழுதுபோக்குப் பேச்சு இல்லை.

அமெரிக்காவில் 1978-இல் ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் தம்பதியர் தொடங்கிய 'எஸ்கேபீஸ்' என்ற சங்கம் என்னை அதிகம் கவர்ந்தது. வீட்டை விற்றுவிட்டு வண்டியிலேயே வாழ்பவர்களுக்கு முதலில் வரும் சிக்கல் முகவரி. ஓய்வூதியக் கடிதம் எங்கே வரும்? வாக்காளர் பட்டியலில் பெயர் எந்த ஊரில் இருக்கும்? சங்கம் டெக்சஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டன் ஊரில் ஒரு பொது முகவரியைக் கொடுத்து, வரும் அஞ்சலை உறுப்பினர் இருக்கும் இடத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. உடல் தளர்ந்து இனி ஓட்ட முடியாது என்ற நிலைக்கு வந்தவர்களுக்கும் அதே ஊரில் ஒரு பராமரிப்பு மையம் இருக்கிறது. அவர்கள் தங்கள் வண்டியை அங்கே நிறுத்தி அதிலேயே குடியிருக்கலாம். சாப்பாடும் செவிலியர் உதவியும் கிடைக்கும். எங்கே போவது என்பதற்கு அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்கள். எப்போது நிறுத்துவது என்பதையும் சேர்த்து யோசித்த சங்கம் இது.

இந்தியாவில் கேரவன் இன்னும் வேர் பிடிக்கவில்லை. கேரளம் 2021-இல் அதற்கென ஒரு சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. இங்கே ஒருவர் தம்முடைய பழைய வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் பொருத்திக் கேரவன் ஆக்கிவிடலாம் என்று நினைத்தால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு குறுக்கே வரும். தயாரிப்பு அமைப்புக்கு மாறாக வண்டியை நம் விருப்பத்துக்குத் திருத்த அது இடம் கொடுப்பதில்லை. ஆகவே நம் ஓய்வூதியர்களின் கேரவன், வாடகை வேனும் மடத்து அறையும் சேர்ந்த ஒன்றுதான்.

ஆனால் சக்கரத்தின் மேல் குடும்பம் நடத்துவது தமிழருக்குப் புதிதன்று. உப்பு வணிகரான உமணர் குடும்பத்தோடு வண்டியில் ஊர் ஊராகப் போனதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. வண்டியின் முன்புறம் காடி வைத்த கலம் தொங்குகிறது. கைக்குழந்தையோடு தாய் மாட்டை ஓட்டுகிறாள். ஊறுகாய் ஜாடியோடு புறப்படும் நம் டீச்சர்களை அந்தப் பகுதியை நடத்தும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். வணிகர் கூட்டமாகப் போவதற்கு 'சாத்து' என்று நம் மொழியில் தனிச் சொல்லே இருந்தது. நாம் வாழும் கொங்கு நாடும் அப்படிப்பட்ட பாதையின் மேல்தான் இருக்கிறது. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொடுமணல், கரூர் நோக்கி வணிகப் பாதை போனது. பல்லடம், காங்கேயம், வெள்ளக்கோவில், கரூர் என்று போகும் இன்றைய கோவை – திருச்சி நெடுஞ்சாலையும் ஏறக்குறைய அதே திசையில்தான் ஓடுகிறது.

புல்லை முடிந்து வைத்தவர்கள்

போய் வந்தவர் போகிறவருக்கு வழி சொல்வதை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தது தமிழ். பத்துப்பாட்டில் சரிபாதி, ஐந்து நூல்கள், ஆற்றுப்படை. வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன் வழியில் வறிய கலைஞனைச் சந்தித்து, நீயும் போ, இந்த வழியில் போ என்று சொல்வது அதன் அமைப்பு. தொல்காப்பியம் புறத்திணையியலில் இதற்கு இலக்கணம் உண்டு. அந்த இலக்கணப்படி அறிவுரை சொல்லத் தகுதி ஒன்றுதான்: சொல்பவர் தாமே போய் வந்திருக்க வேண்டும்.

பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு நாம் நடத்தும் பகுதி, மலைநாட்டு மக்கள் கூத்தரை வரவேற்றுச் சோறிடும் பகுதி. விருந்தோம்பலுக்கு அது பொருத்தமானதே. ஆனால் என் கணிப்பில் அந்நூலின் உயிர் அதன் எச்சரிக்கைகளில் இருக்கிறது. பன்றிகளுக்கு வைத்த பொறிகள் வழியில் இருக்கும், விடிந்த பிறகு போங்கள். தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் மறைவில் ஒதுங்குங்கள். நீர்நிலையின் கரை வழுக்கும், பற்றிக்கொண்டு நடங்கள். இப்படி இடம், ஆபத்து, செய்ய வேண்டியது மூன்றும் சேர்ந்தே வருகின்றன. 'ஜாக்கிரதையாகப் போங்கள்' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்துவதே இல்லை. வழி பிரியும் இடத்தில் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்றும் ஓர் அறிவுரை வருகிறது. அந்த அடையாளம் பின்னால் வருபவருக்காக.

திரும்பி வந்தவரே பேசுகிறார்

ஆற்றுப்படையில் ஒரு குறை இருக்கிறது. பரிசு கிடைத்தவர் மட்டுமே அதில் பேசுகிறார். பரிசு கிடைக்காமல் சினந்து திரும்பிய புலவர்களின் பாட்டுகள் புறநானூற்றில் உண்டு. அவை ஆற்றுப்படை ஆவதில்லை. வழியிலேயே விழுந்துபோனவர் பாடவே வாய்ப்பில்லை. எனவே 'போய் வந்தவர் சொல்' என்பது எப்போதும், எல்லாம் நல்லபடியாக முடிந்தவரின் சொல். திடலில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான்: "நாங்க போயிட்டு வந்தமுங்க டீச்சர், ஒண்ணும் ஆகலைங்க."

இந்த வாக்கியம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையத்தருகே நடந்ததைச் சொல்லலாம். உத்தரப் பிரதேசத்திலிருந்து சுற்றுலாப் பயணிகள் வந்த தனிப் பெட்டி ஒன்று அங்கே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. தடையை மீறி உள்ளே எரிவாயு உருளை கொண்டுவரப்பட்டிருந்தது. அடுப்பு பற்றவைத்தபோது பெட்டி தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். ரயிலில் எரிவாயு உருளை கூடாது என்பது யாருக்கும் தெரியாத விதி இல்லை. அன்று அந்தப் பெட்டியில் யார் என்ன நினைத்தார்கள் என்பது நமக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் விதியை மீறி அடுப்பைக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டு நலமாகத் திரும்பியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லை. அதனாலேயே அவர்கள் பேச்சு நம்மை அவ்வளவு எளிதில் இணங்க வைக்கிறது.

உயரமான தலங்களின் கதையும் இதுவே. கேதார்நாத் 3,583 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாமோ கடல் மட்டத்துக்கு முந்நூறு மீட்டர் சொச்சம் மேலே வாழ்கிறவர்கள். கௌரிகுண்டிலிருந்து மேலே நடை பதினாறு கிலோமீட்டருக்குக் குறையாது. 2022 மே 3-இல் தொடங்கிய பயணப் பருவத்தில் உத்தராகண்டின் நான்கு தலங்களுக்குச் சென்றவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதயக் கோளாறும் உயரத்தில் வரும் மூச்சுத் தொல்லையுமே பெரும்பாலும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஐம்பது வயது கடந்தவர்களை வழியிலேயே மருத்துவப் பரிசோதனை செய்யும் ஏற்பாடு அந்த ஆண்டுதான் முடுக்கிவிடப்பட்டது. அதே பருவத்தில் எழுபது வயதில் ஏறி இறங்கி, ஒரு தும்மல்கூட இல்லாமல் திரும்பியவர்களும் பல்லாயிரம் பேர். ஊருக்கு வந்து கதை சொல்கிறவர்கள் இவர்கள்தான்.

'திரும்பியவர்' என்று ஒரு கட்டம்

எங்கள் பக்கத்தில் பணி நிறைவு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். அவரிடம் நீண்ட கோடு போட்ட ஒரு பதிவேடு இருக்கிறது. மதிப்பெண் பதிவேட்டைப் போலவே சிவப்பு மையால் கட்டம் போட்டது. நாற்பது வருடப் பழக்கம் எங்கே போகும்! ஒவ்வொரு பயணம் முடிந்ததும் போனவர்களை உட்கார வைத்து அதை நிரப்புவார். ஊர், தங்கிய இடம், ஏற வேண்டிய படிகள், பக்கத்து மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர், செலவு. கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'திரும்பியவர்'. யார், எந்த இடத்திலிருந்து, என்ன காரணத்தால் பாதியில் திரும்பினார் என்று அதில் எழுத வேண்டும். முந்நூறாவது படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டவர், வரிசையில் மூன்று மணி நேரம் நின்று கால் வீங்கி அறைக்குப் போனவர், இரண்டாம் நாளே பேருந்து பிடித்து ஊர் வந்து சேர்ந்தவர். முதலில் பலர் வெட்கப்பட்டுச் சொல்ல மறுத்தார்களாம். "மார்க் குறைஞ்ச பையனைத் திட்டற மாதிரி இல்லீங்க இது, அடுத்தவனுக்கு உதவுங்க" என்று சொல்லிச் சொல்லியே எழுத வைத்தார்.

இந்தக் கட்டம் ஒருவருக்கு எப்படி உதவியது என்பதை நேரில் பார்த்தேன். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட கணக்கு ஆசிரியர் ஒருவர் கேதார்நாத் போயே தீருவது என்று நின்றார். போய் வந்த மூன்று பேர் அவருக்குத் தைரியம் சொன்னார்கள். மூவரும் இதய நோய் இல்லாதவர்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. பதிவேட்டின் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தார்கள். போனவர் பதினான்கு பேர், மேலே ஏறியவர் ஒன்பது பேர், கௌரிகுண்டிலேயே நின்றவர் ஐந்து பேர், அந்த ஐவரில் இருவர் இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள். கணக்கு ஆசிரியருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மருத்துவரைப் பார்த்தார்; அவரும் வேண்டாம் என்றார். குழுவோடு ரிஷிகேஷ் வரை போய், மற்றவர்கள் மேலே போய் வரும் வரை அங்கேயே தங்கினார். ஏறாதவர் ரிஷிகேஷில் ஆறு நாளை எப்படிக் கழிக்கலாம் என்று பதிவேட்டில் இப்போது ஒரு முழுப்பக்கம் இருக்கிறது. அவர் கையெழுத்து.

அந்தப் பதிவேட்டில் எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் கழிவறை பற்றியது. முதல் இரண்டு ஆண்டுகள் அந்தக் கட்டத்தை ஆண்கள் நிரப்பினார்கள். எல்லா ஊருக்கும் நேராக 'வசதி உண்டு' என்று இருந்தது. அந்த வசதியை நம்பிப் போன டீச்சர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. நெடும்பயணத்தில் பெண்கள் பலர் கழிவறைக்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். அதன் பலன் நீர்க்கடுப்பாகவும் தலைச்சுற்றலாகவும் மூன்றாம் நாள் தெரியும். மூட்டுவலிக்காரர்களுக்கு உட்கார்ந்து எழக்கூடிய கழிப்பறை இருக்கிறதா என்பது வேறு கேள்வி. மூன்றாம் ஆண்டிலிருந்து அந்தக் கட்டத்தைப் பெண்கள் மட்டுமே நிரப்ப வேண்டும் என்று விதி வந்தது. தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, இரவில் விளக்கு எரிகிறதா, எத்தனை நடை என்று அது நான்கு கட்டங்களாகப் பிரிந்தது. யார் சொன்னார் என்பதைவிட, யாருடைய உடம்பில் பட்டுச் சொன்னார் என்பது முக்கியம் என்று இதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது.

மருந்து பற்றிய பக்கம் மருத்துவரிடம் கேட்டு எழுதியது. அதில் அனுபவத்துக்கு இடம் கொடுக்கவில்லை. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை குளிரில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் இருப்பதைப் பொதுவாக ஏறத்தாழ நான்கு வாரம் வரை அறை வெப்பத்தில் வைத்துக்கொள்ளலாம். வெயில் படும் முன்கண்ணாடி ஓரமும் ஆகாது, பனிக்கட்டிமேல் நேராக வைப்பதும் ஆகாது. தினமும் சாப்பிடும் மாத்திரைகள் மேலே கட்டிய பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும். மருந்துச் சீட்டின் நகல் ஒன்று துணைக்கு வருபவரிடமும் இருக்கட்டும். தாமே கார் ஓட்டிப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பும் உண்டு. ஐம்பத்தைந்து வயதுக்குப் பிறகு எடுக்கும் அல்லது புதுப்பிக்கும் ஓட்டுநர் உரிமம் ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும். மருத்துவச் சான்றும் வேண்டும். அதை வெறும் கையெழுத்தாக வாங்கிவிடாமல் கண்ணையும் காதையும் உண்மையாகவே பரிசோதித்துக்கொள்ளச் சொல்கிறது குறிப்பு.

உமணரிடமும் இந்த முன்யோசனை இருந்தது. அவர்கள் வண்டியின் அடியில் ஒரு சேம அச்சைக் கட்டி எடுத்துச் சென்றதைப் புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார் குறிப்பிடுகிறார். மாடுகள் இளையவை, பாரம் நிறைய, போகும் வழி மேடும் பள்ளமும். போன முறை அச்சு முறியவில்லை என்பதற்காக யாரும் அதை அவிழ்த்து வீட்டில் வைத்துவிட்டுப் போகவில்லை.

வகுப்பில் செய்து பார்த்தது

மலைபடுகடாம் நடத்தி முடித்ததும் மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலோ தெருவிலோ இருக்கும் பெரியவர் ஒருவரிடம் அவர் போய் வந்த பயணத்தைக் கேட்டு, அதே பாதையில் போகிறவருக்கு வழி சொல்வதுபோல் ஒரு பக்கம் எழுத வேண்டும். இரண்டு நிபந்தனைகள் வைத்தேன்: வழியில் என்ன கெட்டுப்போனது என்பது இருக்க வேண்டும், இந்த அறிவுரை யாருக்குப் பொருந்தாது என்பதும் இருக்க வேண்டும். முதல் நிபந்தனை எளிதாக இருந்தது. கெட்டுப்போன கதை சொல்லத் தாத்தாக்களுக்குக் கேட்க வேண்டுமா! இரண்டாவதற்கு மாணவர்கள் திணறினார்கள். "எல்லாருக்கும் பொருந்தும் மிஸ்" என்றே முதலில் பாதிப் பேர் எழுதி வந்தார்கள். திருப்பிக் கொடுத்து, மறுபடி கேட்டு வரச் சொன்னேன்.

இரண்டாம் முறை வந்தவை நன்றாக இருந்தன. விசைத்தறித் துணியை லாரியில் ஏற்றி மகாராஷ்டிரம் வரை ஓட்டிய தாத்தா, இரவில் ஓட்டிப் பகலில் தூங்கு என்ற தம் அறிவுரை சர்க்கரை நோய் வந்தவனுக்கு ஆகாது என்று சொல்லியிருந்தார். வேளைக்குச் சாப்பாடு தப்பிவிடும் என்பது காரணம். குண்டடம், தாராபுரம் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகும் பாட்டி ஒருவர், விடியற்காலையிலும் மாலையிலும் மட்டும் நட, உச்சி வெயிலில் தார்ச்சாலையில் கால் வைக்காதே என்று சொல்லிவிட்டு, காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு போகவே கூடாது, கொப்புளம் வந்தாலும் தெரியாது என்று சேர்த்திருந்தார். அவருடைய தங்கை தாராபுரத்தில் பேருந்து ஏறித் திரும்பியதையும் மாணவி எழுதியிருந்தாள்.

ஜார்க்கண்டிலிருந்து வந்து தறிக்கூடத்தில் வேலை செய்யும் குடும்பத்துப் பையன், பெரியவர் யாரும் இங்கே இல்லாததால் அம்மாவிடம் கேட்டு வந்தான். தன்பாத் – ஆலப்புழா விரைவு ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியில் திருப்பூர் வரை வருவது எப்படி என்று எழுதியிருந்தான். எந்தக் கதவுப் பக்கம் உட்கார வேண்டும், தண்ணீரை எந்த நிலையத்தில் பிடிக்க வேண்டும், பையின் வாரை எங்கே கட்ட வேண்டும் என்று இடம் இடமாகச் சொல்லியிருந்தான். தமிழில் பிழைகள் நிறைய. யாருக்குப் பொருந்தாது என்ற இடத்தில், கைக்குழந்தை உள்ளவர்கள் இந்தப் பெட்டியில் வர வேண்டாம், அம்மா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு அப்படித்தான் வந்தாள் என்று இருந்தது. அதற்குப் பத்துக்குப் பத்து போட்டேன். பிழைகளை அவனை உட்கார வைத்துத் தனியாகத் திருத்தினேன்.